சர்வே நம்பர் இல்லாத தேவாங்கு

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட கிரானைட் குவாரி ஒன்று. வேலை நின்று சில வருடங்கள் ஆகியிருந்ததால் குழி முழுக்கத் தண்ணீர் தேங்கி, பாசி படிந்து, பச்சைக் கண்ணாடி மாதிரி கிடந்தது. கல்லைச் சதுரம் சதுரமாக அறுத்தெடுத்த சுவரில், எட்டாத உயரத்தில் ஒரு திட்டு. தை மாதக் காலை வெயில் அதில் விழுந்தபோதுதான் பார்த்தேன். கொம்பன் ஆந்தை. அதன் காலடியில் இரண்டு குஞ்சுகள், கிழிந்த தலையணையிலிருந்து பிதுங்கிய பஞ்சு போல. தாய் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் மெதுவாக மூடித் திறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மாலையே படத்தை முகநூலில் போட்டேன். எந்த ஊர், பஸ் நிறுத்தத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தலாம் என்பதுவரை எழுதினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வேப்பமரத்தடியில் ஆறு கார்கள் நின்றன. முழங்கை நீளத்துக்கு லென்ஸ்கள். ஒருவர் செல்போனில் ஆந்தைக் குரலை ஓடவிட்டு அதைத் திரும்பிப் பார்க்க வைத்தார். இன்னொருவர், "பறந்தா நல்லா இருக்கும்" என்று ஒரு சின்னக் கல்லை எடுத்து வீசினார். நான் தடுத்தேன் என்று எழுத ஆசைதான். தடுக்கவில்லை. அவர்கள் என் பதிவைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வாரம் போனபோது திட்டு காலி. தாய் பயந்து விட்டுப் போனதா, குஞ்சுகளைக் கீரி கொண்டுபோனதா, அமாவாசைப் பூசைக்கு யாராவது கயிறு கட்டி இறங்கினார்களா, தெரியாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், பறவையின் கூட்டைக் கலைப்பதும் சேர்த்தி என்பதை அதற்கப்புறம்தான் படித்தேன்.

பதிவை அழித்தேன். அன்றிலிருந்து ஊமையானேன்.

இந்த ஊமைத்தனத்துக்குத் துணையாக நிறைய உதாரணங்கள் கிடைத்தன. வேண்டுகிறவனுக்கு உதாரணம் கிடைக்காமல் போகுமா? ஆந்திராவில் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மட்டும் வாழும் நீல நிறச் சிலந்தி ஒன்று இருக்கிறது. 1899-இல் குத்தி என்ற ஊரின் ரயில் நிலையத்து மரக்கிடங்கில் கிடைத்ததை வைத்துப் பெயரிட்டார்கள். நூறு வருடம் கழித்து அதன் காடு எதுவென்று தெரிந்தது. இன்றைக்கு மேலை நாடுகளில் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறவர்களிடம் அது சர்வசாதாரணம். சொந்தக் காட்டில் அற்றுப்போகும் விளிம்பில் இருக்கிறது. தென்சீனத்துப் பல்லி ஒன்றை 1999-இல் ஆய்வாளர்கள் இடம் சுட்டி விவரித்தார்கள். செல்லப்பிராணி வியாபாரத்துக்குப் பிடிக்கிறவர்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அதே இடத்துக்குப் போனார்கள். முதன்முதலில் கண்டெடுத்த அந்த இடத்தில் இப்போது அந்தப் பல்லி கிடையாது. 2013-இல் பன்னா புலிகள் காப்பகத்தில் ஒரு புலியின் கழுத்துப்பட்டைக் கருவி அதன் இருப்பிடத்தை அனுப்பும் மின்னஞ்சல் கணக்கை யாரோ உடைக்கப் பார்த்தார்கள். பொறி வைக்கிறவனுக்குக் கால்தடம் தேட வேண்டிய வேலையே மிச்சம்.

ஆஸ்திரேலியாவில் 1994-இல் கண்டுபிடித்த வொல்லமி பைன் என்ற மரத்தின் இருப்பிடத்தை அரசு இன்றுவரை வெளியில் சொல்வதில்லை. காட்டில் வளர்ந்த மரங்கள் நூறுகூடத் தேறாது. 2019–20 காட்டுத்தீயின்போது தீயணைப்பு வீரர்களைப் பள்ளத்தாக்குக்குள் இறக்கி, தண்ணீர் பாய்ச்சி, காப்பாற்றி முடித்தபிறகுதான் செய்தியே வந்தது. படித்தபோது, அரசு என்றால் இப்படி வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நம்மைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் பார்த்த உயிரினங்களைப் பதிவிடும் இணையத் தளங்களும் இதைப் புரிந்துகொண்டுவிட்டன. ஐநேச்சுரலிஸ்ட்டில் அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினத்தைப் பதிந்தால், சரியான புள்ளியை மறைத்து, ஏறத்தாழ 22 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டத்துக்குள் ஏதோ ஓரிடத்தில் பொய்ப்புள்ளி போட்டுவிடும். மேலூரில் பார்த்தது அழகர்கோயில் மலை மேல் காட்டும். இ-பேர்ட்டும் சில பறவைகளின் துல்லியமான இடத்தைப் பொதுப்பார்வைக்குக் காட்டாது. நல்ல ஏற்பாடுதான். நானும் பல வருடங்கள் இந்தப் பொய்ப்புள்ளிகளுக்குள் நிம்மதியாக ஒளிந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் தேவாங்கு வந்தது.

என் மனைவியின் ஊர் திண்டுக்கல் மாவட்டத்தில், ஒரு கரட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. மாடியில் படுத்துக்கிடந்த ஒரு ராத்திரி, விசில் போலக் கூர்மையான ஒரு குரல். மாமனாரிடம் கேட்டேன். "அதுவா, தேவாங்கு மாப்ள. வேலியில கெடக்கும்" என்றார், பூனை கிடக்கும் என்கிற தோரணையில். மறுநாள் ஊர்க்காரர் ஒருவர் அழைத்துப்போனார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஆடு மேய்ப்பவர். டார்ச்சுக்கு மேல் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாதாம். யாரும் சொல்லித்தரவில்லை, அவரே கண்டுபிடித்தது. உடைமரமும் கிளுவையும் பின்னிக்கிடந்த உயிர்வேலிக்குள் இரண்டு நெருப்புத்துண்டுகள். குச்சி குச்சியான கை கால்கள், வால் கிடையாது, மொத்தமாகக் கால் கிலோ இருந்தால் அதிகம். ஒரு காலை எடுத்து அடுத்த கிளையில் வைப்பதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். ‘தேவாங்கு மாதிரி இருக்கான்’ என்று ஒல்லிப் பையன்களைத் திட்டுகிறோமே, அந்தத் திட்டில் தேவாங்கின் மேல் ஒரு துளி மரியாதையும் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. முள்ளுக்குள் அது நடந்த நேர்த்தியை ஒரு பரதநாட்டியக்காரரிடம்தான் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது அவர் சொன்னார்: "தம்பி, யார்ட்டயும் சொல்லிப்புடாதீங்க. மை வைக்கிறவன், மாந்திரீகம் பண்றவன்னு தேடி வந்துருவான்."

சொல்லவில்லை. ஐநேச்சுரலிஸ்ட்டில்கூட ஏற்றவில்லை. நோட்டில் எழுதி மூடிவைத்தேன். நல்லபிள்ளையாக இருந்ததாக நினைப்பு.

இரண்டு வருடம் கழித்து அந்தக் கரட்டின் தென்புறத்தில் கல்குவாரிக்கு விண்ணப்பம் வந்திருப்பதாக மைத்துனன் போன் செய்தான். விண்ணப்பத்தின் நகலையும் எப்படியோ வாங்கி அனுப்பினான். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையோடு வரும் படிவம் அது. அதில் ஓர் அட்டவணை உண்டு. உத்தேச இடத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள், பாதுகாக்கப்பட்ட அல்லது முக்கியமான தாவர விலங்கினங்கள் இனப்பெருக்கம் செய்ய, கூடு கட்ட, இரை தேட, தங்க, குளிர்காலம் கழிக்க, வலசை போகப் பயன்படுத்தும் இடங்கள் உண்டா என்று கேட்கிறது. கேள்வி என்னமோ அருமையான கேள்வி. எழுதியவர் நிச்சயம் காடு தெரிந்தவர். அதற்கு எதிரே பெயர் எழுத ஒரு கட்டம், தூரம் எழுத ஒரு கட்டம்.

இரண்டு கட்டத்திலும் ‘இல்லை’ என்று இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. படிவத்தை நிரப்பிய ஆலோசகர் மேல்தான். சென்னையிலோ சேலத்திலோ உட்கார்ந்து ‘இல்லை’ தட்டியிருப்பார். ஆனால் ஒரு நிமிடம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் உண்மையிலேயே நேர்மையானவர் என்று வைத்துக்கொள்வோம். எங்கே போய்த் தேடுவார்? சரணாலயங்களின் பட்டியல் இருக்கிறது, அதில் அந்தக் கரடு இல்லை. ஆய்வுக் கட்டுரைகள் இருக்கலாம், அந்தக் கரட்டுக்கு யாரும் போகவில்லை. இணையத் தளங்களில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. புள்ளி என் நோட்டில் இருந்தது. ஆட்டுக்காரர் தலையில் இருந்தது. ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு விஷயம் அரசாங்கத்துக்கு மட்டும் தெரியவில்லை. அதற்கு நானும் ஒரு காரணம்.

மந்திரவாதியிடமிருந்து மறைத்தேன். ஜேசிபியிடமிருந்தும் சேர்த்து மறைத்திருக்கிறேன்.

இங்கே சட்டத்தின் ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். தேவாங்கு வனவுயிர் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. அதைப் பிடித்தாலோ கொன்றாலோ குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம் சிறை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் குறைந்தது 25,000 ரூபாய். ஆனால் பட்டா நிலத்தில் தேவாங்கு குடியிருக்கும் உயிர்வேலியை வேரோடு தள்ளிவிட்டுக் கம்பிவேலி போட்டால் எந்தச் சட்டமும் பெரிதாகக் குறுக்கே வராது. உடம்புக்குக் காவல் உண்டு, வீட்டுக்கு இல்லை. தரையில் இறங்கி ரோட்டைக் கடக்கத் தயங்கும் பிராணிக்குக் கிளைக்குக் கிளை தொட்டுக்கொண்டிருக்கும் வேலிதான் வீடு, ரோடு எல்லாம்.

வீட்டுக்குக் காவல் வேண்டுமென்றால் அந்த நிலத்துக்கே ஒரு பதவி கொடுக்க வேண்டும். சரணாலயம், தேசியப் பூங்கா, காப்பகம் என்று. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று நாட்டிலேயே முதல் சரணாலயம். அதற்கு முந்தின மாதம்தான் பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரமாக 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா என்கிற கடற்பசுவுக்கென ஒதுக்கியிருந்தது. இரண்டுமே நல்ல காரியங்கள், சந்தேகமில்லை. ஆனால் என் மாமனார் ஊர்க் கரடு அந்த 11,806-க்குள் வரவில்லை. கோட்டுக்கு உள்ளே இருக்கும் தேவாங்கு அரசாங்க விருந்தாளி. வெளியே இருப்பது எங்கள் ஊர் வேலியில் கிடப்பது.

கோடு போடுவதிலும் ஒரு கூத்து உண்டு. 2021 நவம்பரில் மாநில அரசு கனிம விதிகளைத் திருத்தி, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு இவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்றது. 2022 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து ‘காப்புக்காடு’ என்ற ஒரே சொல்லை மட்டும் எடுத்துவிட்டது. ஒரு சொல் போனதில் எத்தனை கரடுகளின் தலையெழுத்து மாறியது என்று வரைபடத்தை விரித்து வைத்தால்தான் தெரியும். கிலோமீட்டர் அங்கேயேதான் இருந்தது. காடும்.

இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் எடுத்தது அரிட்டாபட்டிதான்.

மதுரையிலிருந்து மேலூர் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும், இடதுபக்கம் யானைக்கூட்டம் படுத்திருப்பது போலத் தொடர்ச்சியாகப் பாறைக்குன்றுகள். 2,200 வருடம் பழைய தமிழி எழுத்துக் கல்வெட்டு, சமணர் படுகைகள், பாண்டியர் குடைவரை, அதற்குள் கையில் தடியோடு லகுலீசர் என்ற சிவ வடிவம். மேலே பாறை இடுக்குகளில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு. கீழே கண்மாய்கள், வயல்கள். அக்கம்பக்கத்துக் குன்றுகளையெல்லாம் கிரானைட்காரர்கள் அறுத்துக்கொண்டிருந்த காலத்திலும், தங்கள் மலையைத் தொடவிடாமல் ஊர்க்காரர்கள் மறித்து நின்றார்கள். பறவை பார்ப்பவர்களும் ஊர்க்காரர்களும் வருடக்கணக்கில் எழுதிச் சேர்த்த பட்டியலில் ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இருந்தன. அந்தப் பட்டியல் வீண்போகவில்லை. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. மாநிலத்திலேயே முதல் தலம். அரசு வெளியிட்ட அறிவிப்பிலேயே அந்த மூன்று வல்லூறு, கழுகுகளின் பெயர் இருந்தது. எறும்புத்தின்னி, மலைப்பாம்பு, தேவாங்கு எல்லாம் இருந்தன. ஊர்க்காரர்களின் அறிவு அரசிதழில் ஏறிவிட்டது. இனி என்ன பயம் என்று நானும் நினைத்தேன்.

இரண்டே வருடம். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரம் ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனதாகச் செய்தி வந்தது. 2023-இல் கனிமச் சட்டத்தைத் திருத்தியதால், டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் உரிமை மத்திய அரசிடம் போயிருந்தது. ஏலம் விட்ட பரப்பு 2,015.51 ஹெக்டேர். அதற்குள்ளே அந்த 193.215 ஹெக்டேரும் அடக்கம்.

தகவல் இல்லாமல் நடந்த தவறு என்று இதை யாரும் சொல்ல முடியாது. எந்தப் பறவை எந்தக் குன்றில் என்று அரசின் ஒரு துறையிடம் முத்திரை போட்ட காகிதம் இருந்தது. பாறைக்கு அடியில் என்ன கனிமம் என்று இன்னொரு துறையிடம் வரைபடம் இருந்தது. யார் யாருக்கு எப்போது எதைச் சொன்னார்கள் என்பதில் மத்திய அரசும் மாநில அரசும் மாறி மாறி அறிக்கை விட்டன. அதைப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் போட்ட மறுமாதம் கேபிளுக்குத் தோண்டி உடைத்தது ஞாபகம் வந்தது. அங்கேயும் இரண்டு துறை, இரண்டு வரைபடம்.

கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் போட்டது. டிசம்பர் கடைசியில் மத்திய அரசு ஒரு யோசனை சொன்னது: பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கிவிட்டு வட்டாரத்தின் எல்லையைத் திருத்தலாமா என்று புவியியல் ஆய்வுத் துறையைப் பார்க்கச் சொல்கிறோம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நிலம், அதை விட்டுவிட்டால் ஆயிற்று.

இந்த இடத்தில்தான் புள்ளிக்கும் நிலத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு விளங்கியது. வல்லூறு முட்டையிடுவது பாறை இடுக்கில். ஆனால் அது சாப்பிடுவது அங்கேயா? தரிசில் ஓடும் ஓணானையும் வயல்வெளியில் கிளம்பும் புறாவையும் அடித்துத்தான் குஞ்சுக்குக் கொண்டுவருகிறது. 193 ஹெக்டேர் என்பது அதன் படுக்கையறை. அடுப்படி வெளியே இருக்கிறது. மழைத்தண்ணீரும் அப்படித்தான், குன்றில் விழுந்து கண்மாய் கண்மாயாக இறங்குகிறது. ஒரு கண்மாயை மட்டும் விலக்கி வைத்துவிட்டுச் சுற்றித் தோண்ட முடியாது. ஊர்க்காரர்கள் இதை என்னைவிட எளிதாகச் சொன்னார்கள்: மொத்தமும் ரத்தாக வேண்டும். 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைவரை ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். ஜனவரி 23-ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

ஜெயித்தார்கள். ஆனால் பறவைப் பட்டியல் ஜெயித்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பட்டியல் இருந்தும் ஏலம் நடந்தது. ஆட்கள் நடந்ததால் நின்றது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்பது 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி கொடுக்கும் பட்டம். சரணாலயத்துக்கு இருப்பது போல இன்னின்னது கூடாது என்கிற நீளமான தடைப்பட்டியல் அதற்குக் கிடையாது. ஊர்க்காரர்களின் ஆடு மாடு, விறகு, வழிபாடு எதையும் தொடாது என்பது அதன் நல்ல பக்கம்; அதனால்தான் ஊரே கூடி அதைக் கேட்டு வாங்குகிறது. பல் இல்லாதது அதன் இன்னொரு பக்கம்.

சரி, என் கரட்டுக்கு வருகிறேன்.

அதே பல்லுயிர்ச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, அந்த ஊரின் செடி, கொடி, விலங்கு, பாரம்பரிய அறிவு எல்லாவற்றையும் மக்களிடம் கேட்டே எழுதிவைக்க வேண்டும். ஆட்டுக்காரர் தலையில் இருப்பது சட்டத்தின் கண்ணில் படுவதற்கென்றே செய்த ஏற்பாடு. சட்டம் வந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் நாட்டில் சில ஆயிரம் பதிவேடுகள்தான் எழுதியிருந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31-க்குள் முடிக்க வேண்டும், தவறினால் மாநிலங்கள் மாதம் பத்து லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அவ்வளவுதான், பதிவேடுகள் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. அவ்வளவு வேகத்தில் எழுதியதன் லட்சணத்தை ஒரு அலுவலகத்தில் நேரில் பார்த்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அந்த உதவியாளர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர்.

இரும்பு பீரோவின் அடித்தட்டில், வாக்காளர் பட்டியல் கட்டுகளுக்குக் கீழே இருந்தது. சுருள் கம்பி போட்ட, பச்சை அட்டைப் புத்தகம். தூசியை ஊதிவிட்டுப் புரட்டினேன். மரங்களில் வேம்பு, புளி, பனை. பறவைகளில் மயில், காகம், கொக்கு. பாலூட்டிகள் என்ற தலைப்பில் கீரி, முயல், அப்புறம் சிங்கவால் குரங்கு! ஆனைமலையில் மழைக்காட்டு உச்சிக்கிளையில் இருக்க வேண்டிய பிராணி, வருடத்தில் எட்டு மாதம் புல்லே முளைக்காத எங்கள் ஊர்க் கரட்டில். எந்த மலை ஒன்றியத்தின் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினார்களோ! தேவாங்கு இல்லை. கேட்டால், "கம்பெனிக்காரங்கதான் சார் டைப் பண்ணிக் குடுத்தாங்க. ஒரு வாரத்துல நூறு கிராமம் முடிக்கணும்னாங்க" என்றார் உதவியாளர். அவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

அரசின் கையில் மட்டும் இருக்கும், வெளியாள் யாரும் பார்க்காத கணக்கு எப்படி ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகம். காகிதத்தில் புலிகள் உலவிக்கொண்டே இருந்தன. 2005-இல் தேடிப்பார்த்தால் ஒன்றுகூட இல்லை. கால்தடக் கணக்கில் 3,642 என்று சொல்லிக்கொண்டிருந்த நாடு, தானியங்கிக் கேமரா வைத்து எண்ணத் தொடங்கியபோது முதல் விடை 1,411. புலிக்கே அந்தக் கதி. தேவாங்குக்குக் கேட்க வேண்டுமா? ஆக, முழுக்கத் திறந்து வைத்தால் ஆறு கார் வந்து நிற்கும். முழுக்கப் பூட்டி வைத்தால் சிங்கவால் குரங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தச் சிக்கலை வேறு யாராவது எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தேடியபோது அமெரிக்க மாநிலங்களின் வழக்கம் கண்ணில் பட்டது. அங்கே 1974-இல் தென் கரோலினாவில் தொடங்கி, ஒவ்வொரு மாநிலமும் அரிய இனங்கள் எங்கே இருக்கின்றன என்று தொடர்ந்து எழுதிவைக்கும் ஒரு பதிவகத்தை நடத்துகிறது. கலிபோர்னியாவின் பதிவகத்தில் பெரும்பாலான பதிவுகளைத் துல்லியமாகப் பார்க்கலாம். ஆனால் திருட்டுக்கும் தொந்தரவுக்கும் இலக்காகக்கூடிய சில இனங்களுக்கு மட்டும், எந்த வரைபடத் தாளுக்குள் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தத் தாள் பல கிலோமீட்டர் அகலம். கூட்டைத் தேடிப் போகிறவனுக்கு அது உதவாது. கட்டடம் கட்டப்போகிறவனோ, இங்கே ஒன்றுமில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அங்கே இருக்கிறதென்று தெரிந்துவிட்டது, இனி நீ ஆளை அனுப்பித் தேடு என்று அவனிடம் சொல்லலாம். டெக்சஸில் கதை வேறு. பெரும்பகுதி தனியார் நிலம் என்பதால், நிலக்காரர் எழுதிக் கொடுக்காமல் வனவுயிர்த் துறை அவர் நிலத்தில் எடுத்த தகவலை அவர் நிலம் என்று அடையாளம் தெரியும்படி வெளியிடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. எதற்கு இவ்வளவு பயம்? அரிய பிராணி இருப்பது தெரிந்தால் நிலத்தை அரசு முடக்கிவிடும் என்ற பயம். ‘சுடு, புதை, வாயை மூடு’ என்று அந்த ஊர்ப் பண்ணைக்காரர்களிடையே ஒரு பேச்சே உண்டு. எங்கள் ஊர்ப் பட்டாதாரர்களும் ஒன்றும் வேறு மாதிரி இல்லை. சரணாலயம் என்ற பேச்சு எடுத்தாலே, ஆடு மேய்க்க முடியாது, கிணறு வெட்ட முடியாது என்று முகம் சுருங்கும். அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட என்னால் முடியாது. காட்டை ஒட்டிய ஊர்களில் பலருக்கு அது பட்ட அனுபவம்.

ஆனால் கலிபோர்னியாத் தாள் எனக்கு ஒரு வழி காட்டியது. அங்கே வரைபடத் தாள் என்றால், நமக்கு இருக்கவே இருக்கிறது சர்வே நம்பர்.

கிராம வரைபடத்தை விரித்து வைத்து மாமனாரோடும் ஆட்டுக்காரரோடும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தேன். தேவாங்கு வேலி இருக்கும் புல எண் எது என்று அவருக்குத் தெரியும். அதை எழுதவில்லை. கரட்டைச் சுற்றி அடிவாரம் முழுக்க, ஓடைப் புறம்போக்கையும் சேர்த்து, முப்பத்தோரு புல எண்களை எழுதினோம். தேவாங்கு அதில் ஏதோ ஒன்றில் இருக்கிறது, எல்லாவற்றிலும் நடக்கிறது. எந்த மாதம் குரல் கேட்கும், எந்த வேலியை ஒட்டி வரும், எத்தனை வருடமாக யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று ஆட்டுக்காரர் சொல்லச் சொல்ல எழுதினேன். "எந்த வேலின்னு எழுதலையே தம்பி?" என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு கைநாட்டு வைக்காமல், ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கையெழுத்தே போட்டார். கிராம சபையில் பதிவேட்டைத் திருத்தச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். சிங்கவால் குரங்கை நீக்கவும் சேர்த்துத்தான். அந்த வரியை வாசித்தபோது சபையே சிரித்தது.

குவாரி விண்ணப்பம் இன்னும் கோப்பில் இருக்கிறது. நாங்கள் கொடுத்த காகிதமும் அந்தக் கோப்பில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். சென்ற மாதம் இருந்தது, குண்டூசி மட்டும் துருப்பிடித்திருந்தது.

அந்தக் காகிதத்தைப் பச்சை அட்டைப் புத்தகத்தோடு இணைக்கக் கொண்டுபோன அன்று, உதவியாளர் வட்ட முத்திரையை மைத்திண்டில் அழுத்திக் குத்திவிட்டு, ஸ்டேப்ளரைத் தேடினார். பக்கத்து மேசையில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சார், முப்பத்தோரு நம்பர் போட்டிருக்கீங்க. நெசமா எதுல இருக்கு? என் பொண்ணு அத பார்த்ததே இல்ல. ஏழாவது படிக்கிறா."

நான் யோசித்தேன். ஆறு கார் ஞாபகம் வந்தது.

"அமாவாசை கழிச்சு ஒரு சனிக்கிழமை ரெண்டு பேரும் ஊருக்கு வாங்க சார். ஒரு பெரியவர் கூட்டிட்டுப் போவார். போனை வீட்டுல வச்சிருங்க. டார்ச்சுக்குச் செகப்பு காயிதம் அவரே வச்சிருக்கார்."